செவல் காட்டில் தண்ணீர் தேங்குகிறது, உளுந்து வெளுக்கிறது

கேள்வி: ஐயா, மானூர் பக்கம் மூன்று ஏக்கர் செவல் (செம்மண்), மானாவாரி. ஐந்தாறு வருடமாக டிராக்டரில் ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) மட்டும் ஓட்டி உளுந்து விதைக்கிறேன். மழைக்குத் தண்ணீர் நின்று பயிர் மஞ்சளாகிறது. மழை விட்டுப் பத்து நாளில் வாடியும் போகிறது. என்ன செய்ய?

பதில்: அண்ணாச்சி, முதலில் மஞ்சளைப் பாருங்கள். இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாக இருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். உழவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீர் நின்ற இடத்தில் மட்டும் செடி மொத்தமாக வெளுத்தால் வேருக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

ஒரு செடியை மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் வேர் அறுந்துவிடும். ஆணிவேர் நாலைந்து அங்குலம் நேரே இறங்கி, அப்புறம் சட்டென்று பக்கவாட்டில் மடங்கியிருந்தால் அங்கேதான் மண் இறுகிக் கிடக்கிறது. ரோட்டவேட்டர் கத்தி எட்டுவது ஏறக்குறைய அவ்வளவுதான். வருடாவருடம் அதே ஆழத்தில் அடித்து மேலே மாவாக்கி, அடியில் தளம் போட்டுவிட்டீர்கள். அதனால்தான் மழைத் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கிறது; வேரும் கீழே போக முடியாமல் மழை விட்டதும் பயிர் வாடுகிறது. கரிசலாக இருந்தால் கோடையில் தானே வெடித்துக் கொஞ்சம் சரியாகிவிடும். செவலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்தப் பட்டத்துக்கு வரப்பை வெட்டித் தண்ணீரை வடிப்பதுதான் வழி. மற்றது சித்திரையில்.

உளிக்கலப்பை பிடியுங்கள், அடி இறுக்கத்தை ஆழமாகக் கிழிக்கும் கலப்பை அது. ஒன்றரை அடிக்கு ஒரு கோடு, ஒன்றேகால் அடி ஆழம். நெடுக்கே ஓட்டி, அப்புறம் குறுக்கே. மண் காய்ந்திருக்க வேண்டும், இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஈரத்தில் ஓட்டினால் உளி வெண்ணெயில் கத்தி போனது போலக் கோடு கிழித்துவிட்டுப் போகும், இறுக்கம் உடையாது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும். வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

கோடை மழை விழுந்ததும் கொக்கிக்கலப்பை (கல்டிவேட்டர்) ஓட்டுங்கள். இதற்கு ஈரம் வேண்டும், ஆனால் பதமான ஈரம். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் உழலாம், சப்பென்று ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். கடைசி உழவு சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய தொழுவுரம் அதற்கு முன்பே சிதறிவிடுங்கள்.

ரோட்டவேட்டரை விற்கச் சொல்லவில்லை. விதைப்புக்குக் கட்டி உடைய வேண்டுமென்றால் ஒரு சால், அதோடு நிறுத்துங்கள். புழுதியாக்கினால் முதல் மழையிலேயே மேல்மண் ஏடு கட்டி, உளுந்து முளைக்கத் திணறும்.