சி மொழியில டூ-டி அரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பினா எரர் வருதா?

தம்பி, 3 பேரோட 4 பாட மார்க்கை டூ-டி அரேயா, அதாவது ஆளுக்கு ஒரு வரிசையா அடுக்கி, ஃபங்ஷனுக்கு அனுப்பினா கம்பைலர் எரர் காட்டுதுன்னு கேட்டிருந்தீங்க. பாராமீட்டர்ல, அதாவது ஃபங்ஷன் அந்த அரேயை வாங்கிக்கிற இடத்துல, ரெண்டு சதுர அடைப்பையும் காலியா விட்டிருக்கீங்க. முதல் அடைப்பு காலியா இருக்கலாம். ரெண்டாவதுல 4 கட்டாயம் வேணும்.

மெமரியில 12 எண்ணும் ஒரே நீள வரிசையாத்தான் கிடக்கும். நம்ம கே.கே. நகர் பக்கத்து ஃபிளாட்டை நினைச்சுக்கோங்க. மாடிக்கு 4 வீடு, எல்லா வீட்டுக்கும் தரைத்தளத்துல இருந்து 0, 1, 2ன்னு தொடர் நம்பர். மாடியையும், ஒவ்வொரு மாடியில இருக்கிற வீட்டையும் 0-ல இருந்தே எண்ணுங்க; தரைத்தளம் 0. ரெண்டாம் மாடியில 1-ம் வீடுன்னா 2×4+1, அதாவது 9. மொத்தம் எத்தனை மாடின்னு தெரியாமலே கதவைத் தட்டிடலாம். மாடிக்கு எத்தனை வீடுன்னு தெரியாம முடியாது. இங்க மாடிதான் ஆள், வீடுதான் பாடம்; அதனாலதான் கம்பைலருக்கு அந்த 4 வேணும்.

இன்னொன்னு, இதை எரர்னு கம்பைலர் நிறுத்தாது: பாடங்களை எண்ணுற உங்க உள் லூப் 0-ல இருந்து 4 வரைக்கும் ஓடுது. 3-லயே நிறுத்துங்க. இல்லைன்னா முதல் ஆளோட அஞ்சாவது மார்க் அடுத்த ஆளோட முதல் இடத்துல போய் விழும்.