முள் குத்தியது தெரியவில்லை, விரல் இடித்தது மட்டும் வலிக்குமா?

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது. கொதிக்கிற காபி டம்ளரை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் பேசுகிறார். போன மாதம் கொல்லையில் கருவேல முள் ஏறியதே ராத்திரி கால் கழுவும்போதுதான் தெரிந்தது. அதே மனுஷி வாசற்படியில் கால் விரலை இடித்துக்கொண்டு பத்து நாளாக முனகுகிறார். சர்க்கரை கிடையாது, சமீபத்தில்தான் பார்த்தோம். வீட்டில் எல்லோரும் நடிப்பு என்கிறார்கள். நிஜமா டாக்டர்?
- ஒரு வாசகி, வலங்கைமான்

பதில்: நடிப்பு என்று சொன்னவர்களுக்கும் 70 வயது வரும், அப்போது பேசிக்கொள்ளலாம். உங்கள் மாமியாருக்கு நடப்பது இரண்டும் நிஜம். தோலுக்குள் தொடுவதையும் அதிர்வையும் பிடித்துச் சொல்ல மைஸ்னர், பசினியன் என்று குட்டிக் குட்டி உணர்வு உறுப்புகள் இருக்கின்றன, வயது ஏற ஏற அவை குறைந்துகொண்டே வரும், அதுவும் கையைவிடப் பாதத்தில்தான் மழுங்கல் அதிகம். 'சுரீர்' என்ற முதல் வலியைக் கொண்டுபோகும் நரம்பும் மெதுவாகிவிடுகிறது. அதனால் இளவட்டம் கையை உதறும் சூட்டை அவர் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்வார்.

சரி, விரல் மட்டும் ஏன் வலிக்கிறது? ஆரம்பித்த வலியை அடக்க மூளையே ஒரு கட்டளையைத் தண்டுவடம் வழியாகக் கீழே அனுப்பும், அந்தக் கட்டளை வயதில் பலவீனமாகிறது. உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், வாய்க்காலில் தண்ணீர் லேட்டாக வருகிறது, வந்தபிறகு மதகு ஷட்டர் இறங்க மாட்டேன் என்கிறது. வலி தெரிய நேரமாகிறதே தவிர, வலியைத் தாங்கும் சக்தி வயதானதால் கூடிவிடுவதில்லை.

ஒன்று சொல்லவேண்டும், வருடிக்கொடுக்கும் மெல்லிய தொடுகை வயதானவர்களுக்கு இளையவர்களைவிட இதமாக இருப்பதாகவே ஆய்வுகளில் தெரிகிறது. ஆகவே காலுக்கு எண்ணெய் தடவிவிடுங்கள், அந்தச் சாக்கில் பாதத்தையும் விரலிடுக்கையும் தினமும் பார்த்துவிடலாம். கொல்லைக்குச் செருப்பில்லாமல் போகவேண்டாம். குளிக்கிற வெந்நீரை நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம், பத்து நாள் வலி என்றால் அந்த விரலுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், இந்த வயதில் சின்ன இடியிலும் எலும்பு விரிசல் விடும். மெத்தைமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றாரானால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு பார்க்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று மரத்துப்போனால் உடனே ஆஸ்பத்திரி. முள் குத்தியபோது டிடி ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி, போட்டீர்களா? எழுதவே இல்லையே.