மரத்துக்கு கார்பன் பணம்: வாசகர் கேள்விகள்

அரூர் வாசகர்: பட்டா நிலத்தில் தேக்கு வைத்திருக்கிறேன். கார்பன் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் வெட்டும்போது வனத்துறை பக்கம் போகவே வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். சரியா?

தப்பு. மரம் காற்றிலிருந்து இழுத்துச் சேர்க்கும் கார்பனைக் கணக்கிட்டு, அதை ‘கிரெடிட்’ என்ற பெயரில் விற்று, உங்களுக்கும் பங்கு தருவதாகக் கம்பெனி சொல்வதுதான் கார்பன் திட்டம். அதற்கான ஒப்பந்தம் உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள விவகாரம். அரசு விதி எதையும் அது தள்ளிவைக்காது. தேக்கை லாரியில் ஏற்ற, 1968 மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறை பெர்மிட் வேண்டும். உங்கள் கிராமம் மலைப்பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால் 1955 சட்டப்படி வெட்டுவதற்கே கலெக்டர் தலைமையிலான குழுவின் அனுமதி தேவை. வி.ஏ.ஓ.விடம் கேட்டால் தெரிந்துவிடும். வரப்பில் சந்தனம் நின்றால் அதற்குத் தனி விதி.

திட்டத்தில் சேர்ந்த பிறகு அனுமதி கேட்க வேண்டிய ஆட்கள் கூடத்தான் செய்வார்கள். ஒப்பந்தக் காலம் 30, 40 ஆண்டுகள்கூட இருக்கும். நடுவில் மகள் கல்யாணத்துக்கு நாலு மரம் வெட்டினால் நஷ்டம் யார் தலையில்? நிலத்தை விற்றால் வாங்கியவரையும் ஒப்பந்தம் கட்டுமா? இந்த இரண்டு கேள்விக்கும் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் கையெழுத்து வேண்டாம்.

சந்தூர் வாசகர்: 30 வருட மாந்தோப்பு. பெங்களூரா ரகம். கிரெடிட் கிடைக்குமா?

கஷ்டம். ஏற்கெனவே நிற்கும் மரத்துக்குக் காசில்லை; திட்டத்தால் கூடுதலாகச் சேரும் கார்பனுக்குத்தான். தோப்பை வெட்டிவிட்டுப் புதிதாக நடலாமா என்று அடுத்து கேட்பீர்கள், வேண்டாம்.

காரிமங்கலம் வாசகர்: ஒரு மரத்துக்கு ஒரு கிரெடிட்டா?

ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. காய்ந்த எடை 200 கிலோ உள்ள மரத்தில் ஏறக்குறைய பாதி, 100 கிலோ, கார்பன். அதைக் கார்பன் டை ஆக்சைடு கணக்குக்கு மாற்ற 3.67 ஆல் பெருக்கினால் 367 கிலோ. ஆக, இப்படி மூன்று மரம் சேர்ந்தால் ஒரு கிரெடிட். அதுவும் மரம் அந்த அளவுக்கு வளர்ந்த பிறகு! அதில் ஒரு பங்கை, தீ, புயல் வந்தால் ஈடுகட்ட, பொதுக் கணக்கில் பிடித்துவைப்பார்கள். ஏக்கருக்கு லட்சம் என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள்.

ஓசூர் வாசகர்: அமெரிக்காவில் விதி தளர்வாமே?

கலிபோர்னியா அரசின் திட்டத்தில் கடைசி கிரெடிட் தந்த பிறகும் 100 ஆண்டுகள் காட்டைக் கண்காணிக்க வேண்டும். தளர்வா?

அஞ்செட்டி வாசகர்: எங்கள் ஊரை ஒட்டிய காட்டை ஒரு கம்பெனி கேட்கிறது. ஊரே சேர்ந்து எழுதிக்கொடுக்கலாமா?

காப்புக்காடு அரசுடையது, அதை எழுதிக்கொடுக்க ஊருக்கு உரிமையில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தில் சமூக உரிமை கிடைத்திருந்தால் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம் உண்டு. கார்பனைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. காவிரி தெற்கு சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. உங்கள் காடு அதன் எல்லைக்குள் வந்தால் வனவிலங்குச் சட்டமும் சேரும். முதலில் உரிமைப் பட்டா இருக்கிறதா என்று பாருங்கள்.