கடற்கரையில் நகை தொலைந்தால்: மெட்டல் டிடெக்டர் (உலோகம் தேடும் மிஷின்) கேள்வி பதில்

திருவான்மியூர் வாசகர்: சார், நேற்று சாயங்காலம் முழங்கால் அலையில் நின்றபோது கல்யாண மோதிரம் கழன்று விழுந்துவிட்டது. இனி கிடைக்குமா?

கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நாளைக்குத் தள்ளாதீர்கள். 22 காரட் தங்கம் மணலைவிட ஆறு மடங்குக்கு மேல் அடர்த்தி. அலை மணலை அரிக்க அரிக்க, மோதிரம் பெரும்பாலும் அங்கேயே கீழே இறங்கும். எவ்வளவு நாள் போகிறதோ அவ்வளவு ஆழம். அதனால் மிஷினைவிட இடம்தான் முக்கியம். எந்தக் கடைக்கு நேரே, எந்த விளக்குக் கம்பத்துக்கு நேரே நின்றீர்கள்? போனில் படம் எடுத்திருந்தால் பின்னணியைப் பாருங்கள், நேரமும் அதில் பதிவாகியிருக்கும். தண்ணீர் வற்றும் நேரத்தில் கயிறு கட்டி, கோடு கோடாக, மிஷினை வீசும்போது ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி படும்படி தேட வேண்டும். மனம் போன போக்கில் நடந்தால் மோதிரத்தைத் தாண்டித்தான் போவீர்கள்.

கடலூர் வாசகர்: அண்ணா, புது டிடெக்டர் காய்ந்த மணலில் ஒழுங்காக இருக்கிறது. ஈர மணலில் வைத்தால் ஓயாமல் கத்துகிறது. கெட்டுப்போச்சா?

இல்லை தம்பி. உப்புத்தண்ணீர் மின்சாரம் கடத்தும், ஒரே அலைவரிசையில் வேலை செய்யும் மிஷின் அதையே உலோகம் என்று நினைத்துக்கொள்ளும். சென்சிட்டிவிட்டியை (மிஷினின் உணர்திறனை) குறைத்து, ஈர மணல் மேலேயே கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மண்ணுக்காகக் கத்தாதபடி மிஷினைச் சரிசெய்யுங்கள்.

நாகை வாசகி: என் செயின் மோதிரத்தைவிடக் கனம். அப்படியானால் சுலபமாகக் கிடைக்கும்தானே?

நேர்மாறு அம்மா. மோதிரம் முழு வட்டம், மிஷின் தூண்டும் மின்சாரம் அதில் சுற்றி ஓடும், சத்தம் கணீரென்று வரும். செயினில் மிஷின் கண்ணி கண்ணியாகத்தான் பார்க்கும். டாலரோ கொக்கியோதான் காட்டிக்கொடுக்கும். காய்ந்த மணலில் விழுந்திருந்தால் முதலில் சல்லடையை எடுங்கள்.

திருச்செந்தூர் வாசகர்: ஜிகினாத் தாளாகத் தோண்டிச் சலித்துவிட்டது. அதற்கு வரும் சத்தத்தை மிஷினில் அடைத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். மெல்லிய தங்க மோதிரமும் சிகரெட் பெட்டித் தாளும் மிஷின் திரையில் காட்டும் எண்ணில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் விழும். குப்பையை அடைத்தால் தங்கமும் அடைபடும். தோண்டத்தான் வேண்டும். வந்த குப்பையைப் பையில் போட்டு, குழியை மூடிவிட்டு வாருங்கள்.

சேப்பாக்கம் வாசகர்: மெரினாவில் யாருடையதோ கிடைத்தால் நமக்குத்தானே?

இல்லை. உள்பக்கம் பாருங்கள், பல கல்யாண மோதிரங்களில் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். அதைத் தேடி ஒரு வீடே அழுதுகொண்டிருக்கும். போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ஒப்படைத்ததை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழங்காசு, புதையல் என்றால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பெசன்ட் நகர் வாசகர்: ராத்திரியில் கூட்டம் இருக்காதே, அப்போது தேடலாமா?

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கூடவே கூடாது. பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) கரையேறி முட்டையிடும் காலம் அது. ஒன்றரை அடி ஆழத்தில் சுமார் நூறு முட்டை கிடக்கும், உங்கள் மண்வெட்டிக்கு அது தெரியாது. விடிந்தபின், அலை நனைக்கும் மணலில் மட்டும் தேடுங்கள்.