நடைபாதைச் சுவரில் ஓட்டை போட்டு ஃபேன் வைத்தேன், கழற்றச் சொல்கிறார்கள்

கேள்வி: அக்கா, டர்பன் ஓவர்போர்ட்டில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில், இரண்டாம் மாடியில் எனக்குச் சொந்த ஃபிளாட் இருக்கிறது. பாத்ரூமுக்கு ஜன்னல் கிடையாது. சுவரின் உச்சியில் ஒரு கம்பி வலை உண்டு. அதன் பின்னால் எல்லா மாடிக்கும் பொதுவான காற்றுக் குழாய் போகிறது. மொட்டை மாடியில் அந்தக் குழாயின் மேலிருந்த பெரிய ஃபேன் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை, சின்னவனுக்கு ஓயாத இருமல். பொறுக்க முடியாமல் ஒரு வேலைக்காரரை வைத்து, பொது நடைபாதைப் பக்கச் சுவரில் ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். எதிர் ஃபிளாட் அக்கா வாசலில் விளக்கேற்றுகிறவர். ஈரக் காற்று விளக்கை அணைக்கிறது, நாற்றமும் வருகிறது என்று புகார் கொடுத்துவிட்டார். 14 நாளில் கழற்று என்று கட்டடத்தை நிர்வகிக்கும் குழுவான டிரஸ்டிகள் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணமான லெவியின் பில்லில் 1,500 ராண்ட் அபராதமும் சேர்த்திருக்கிறார்கள். எங்களுடைய விதிப் புத்தகத்தில் அபராதம் என்ற பேச்சே இல்லை. நான் கழற்றத்தான் வேண்டுமா?

பதில்: கழற்றத்தான் வேண்டும். ஆனால் சும்மா கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்கள் அந்த ஓட்டைக்காகச் சண்டை போடுகிறீர்கள், அங்கே உங்கள் பக்கம் பலவீனமானது. மொட்டை மாடியில் நின்றுபோன ஃபேனுக்காகச் சண்டை போட்டிருந்தால் சட்டம் முழுதும் உங்கள் பக்கம் நின்றிருக்கும்.

முதலில் ஓட்டையைப் பார்ப்போம். ஃபிளாட் உரிமை பற்றிய தென்னாப்பிரிக்காவின் 1986ஆம் ஆண்டின் 95ஆம் எண் செக்‌ஷனல் டைட்டில்ஸ் சட்டப்படி, உங்கள் ஃபிளாட்டுக்கும் பொது இடத்துக்கும் எல்லை சுவரின் நடுக்கோடு. உள்பாதிச் சுவர் உங்களுடையது, நடைபாதைப் பக்கத்துப் பாதி எல்லாருடையது. உங்கள் வேலைக்காரர் துளைத்தது இரண்டையும்தான். பொதுச் சொத்தில் ஆணி அடிக்கக்கூட டிரஸ்டிகளின் எழுத்து அனுமதி வேண்டும் என்று, குடியிருப்பவர்களுக்கு அரசு வகுத்த நடத்தை விதிகளில் 4ஆவது சொல்கிறது. வெளித்தோற்றத்தை மாற்றுவது பற்றி 5ஆவது விதி பேசுகிறது. அதில் சின்ன மாற்றத்துக்கு விலக்கு உண்டு என்றாலும் சுவரைத் துளைத்ததை யாரும் சின்னது என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூடிய நடைபாதை வெளிக்காற்றும் அல்ல. உங்கள் வீட்டு ஈரத்தை அக்கா வீட்டு வாசலுக்கு மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அடுத்தவருக்குத் தொல்லை தரும்படி ஃபிளாட்டைப் பயன்படுத்தக் கூடாது என்ற கடமை, இப்படிப்பட்ட கட்டடங்களை நிர்வகிப்பது பற்றிய 2011ஆம் ஆண்டின் 8ஆம் எண் மேலாண்மைச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் இருக்கிறது. தீ விபத்து நேர்ந்தால் எல்லாரும் தப்பி ஓட வேண்டிய வழியும் அதே நடைபாதைதான். அந்தச் சுவரில் ஓட்டை இருப்பது எனக்கே பயமாக இருக்கிறது.

ஆனால் டிரஸ்டிகளும் வரம்பு மீறியிருக்கிறார்கள். அபராதத்தை அப்படியே லெவி பில்லில் ஏற்ற முடியாது. கட்டட நிர்வாகத்துக்கு அரசு வகுத்த மேலாண்மை விதிகளில் 25ஆவதைப் படியுங்கள். சட்டமோ விதிகளோ அனுமதிக்காத தொகையை உறுப்பினர் கணக்கில் ஏற்ற அவருடைய சம்மதம் வேண்டும், இல்லையென்றால் நீதிபதியோ தீர்ப்பாளரோ பிறப்பித்த உத்தரவு வேண்டும். அரசு வகுத்த பொது விதிகளில் அபராதம் கிடையாது. உங்கள் கட்டடம் தனியாக அபராத விதி ஒன்றை முறைப்படி ஏற்றுப் பதிவு செய்திருக்க வேண்டும், அப்போதும் உங்களை அழைத்து உங்கள் பக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால் 1,500 ராண்டை நீக்கச் சொல்லி எழுதுங்கள். ஆனால் லெவி கட்டுவதை நிறுத்தாதீர்கள். கோபத்தில் லெவியை நிறுத்தியவர்கள் வட்டியும் வசூல் செலவும் சேர்ந்து நொந்துபோனதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், 14 நாள் முடிந்ததும் யாராவது ஆள் அனுப்பி ஃபேனைப் பிடுங்கப் பார்த்தால் அதுவும் தப்பு. உத்தரவு இல்லாமல் அடுத்தவர் கைவசத்தில் இருப்பதைப் பறிக்க இந்த நாட்டில் யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது உங்கள் உண்மையான வழக்கு. எல்லா மாடிக்கும் பயன்படும் குழாயும் மேலே நின்றுபோன ஃபேனும், ஃபிளாட் உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த அமைப்பான பாடி கார்ப்பரேட்டின் பொறுப்பு. பொதுச் சொத்தை நல்ல நிலையில் வைப்பதும், ஒன்றுக்கு மேற்பட்ட ஃபிளாட்டுக்கு உதவும் குழாய்களைப் பழுது பார்த்து, தேவைப்பட்டால் புதுப்பிப்பதும் மேலாண்மைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு அதன் தலையில் வைத்த கடமை. ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்கு அந்தக் குழாய்தான் மூச்சு. தேசியக் கட்டட விதிமுறைகளின் ஓ பகுதியைச் சேர்ந்த தென்னாப்பிரிக்கத் தேசியத் தரமான எஸ்.ஏ.என்.எஸ் 10400, ஜன்னல் மூலம் காற்று வரும் அறைக்கு, தரைப்பரப்பில் 5 சதவீதம் அல்லது 0.2 சதுர மீட்டர், இதில் எது பெரியதோ அந்த அளவு திறப்பு கேட்கிறது. அது இல்லாத இடத்தில் இயந்திரம் வைத்துத்தான் காற்றை மாற்ற வேண்டும். டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சியில் உங்கள் கட்டடத்தின் அங்கீகரித்த வரைபடத்தின் பிரதி கேளுங்கள். அந்த ஃபேன் வரைபடத்தில் இருந்தால் உங்கள் கையில் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. டிரஸ்டிகள் ‘இது புதுச் செலவு, சிறப்புத் தீர்மானம் வேண்டும்’ என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். இருந்ததைப் பழுது பார்ப்பது மேம்பாடு அல்ல, பராமரிப்பு. அதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவையில்லை.

கடிதம் எழுதும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நடைபாதை ஃபேனை நிறுத்திவிட்டு, கம்பி வலையில் ஒரு டிஷ்யூ தாளை வையுங்கள். குழாய் இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ளும், இழுக்காவிட்டால் விழுந்துவிடும். அதை வீடியோ எடுங்கள். மேல் மாடி, கீழ் மாடிக்காரர்களையும் எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டிலும் பூஞ்சை இருந்தால் சேர்ந்தே கையெழுத்திடுங்கள், தனி ஒருவர் புலம்பலாக அது தெரியாது.

கடிதத்தில் இரண்டு கோரிக்கை போதும். ஒன்று, மேல் ஃபேனைக் குறிப்பிட்ட தேதிக்குள் ஓட வைப்பது. இரண்டாவது, அதன் பிறகும் உங்களுக்கு இழுப்பு போதாமல் இருந்தால், காற்று திரும்பி வராத மடிப்பு மூடி வைத்த ஒரு சிறு ஃபேனைப் பொதுக் குழாயில் இணைக்க அனுமதி. அந்த மூடி இல்லாவிட்டால் உங்கள் ஈரம் மூன்றாம் மாடிக்காரர் வீட்டுக்குள் போகும், நீங்கள் இன்னொரு புகாரைச் சம்பாதிப்பீர்கள். குழாய் எல்லா மாடியையும் கடந்து போவதால் தீ பரவாத ஏற்பாட்டையும் தகுதியுள்ள பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஃபேன் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பான இடத்தில் வைத்துவிட்டு ‘பலன் இல்லை’ என்று வருகிறவர்கள் உண்டு. காற்று கதவடியில்தான் உள்ளே வரும். அது அறை முழுக்கக் கடந்து ஷவர் பக்கம் வெளியேற வேண்டும். ஃபேனைக் கதவருகே வைத்தால் வந்த காற்று அப்படியே போய்விடும், நீராவி ஷவரிலேயே தங்கும். கதவடியில் ஒரு விரல் அளவு இடைவெளி விடுங்கள். குழாய் குட்டையாக, வளைவின்றி, உள்ளே வழவழப்பாக இருக்கட்டும். குளித்து முடித்தும் 15, 20 நிமிஷம் ஓடட்டும். டர்பனின் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் இன்னும் அதிக நேரம் வேண்டியிருக்கும். தண்ணீர் தெறிக்கும் தூரத்தைப் பொறுத்து பாத்ரூமை மண்டலங்களாகப் பிரிக்கிறது எஸ்.ஏ.என்.எஸ் 10142-1. அதனால் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன்தான் மாட்ட வேண்டும், அந்த வேலைக்குச் சான்றிதழும் தர வேண்டும். இப்போதுள்ள ஃபேனுக்கு அந்தச் சான்றிதழ் வாங்கவில்லை என்று நினைக்கிறேன். கட்டட இன்சூரன்ஸ் பாடி கார்ப்பரேட் பெயரில் இருப்பதால், மின்கசிவில் ஏதாவது நடந்தால் எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் கேஸ் கீசர் இருந்தால், எந்த ஃபேன் மாட்டும் முன்பும் கேஸ்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மூடிய அறையில் ஃபேன் இழுக்கும் வேகத்தில் கீசரின் புகை உள்ளே திரும்பலாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

பதில் வராவிட்டால் சமூகக் குடியிருப்புகளுக்கான ஓம்பட்ஸ்மேன் சேவையான சி.எஸ்.ஓ.எஸ். முன் விண்ணப்பிக்கலாம். முதலில் சமரசம், பிறகு தீர்ப்பாளர். எங்களைப் போன்ற வக்கீல் தேவையில்லை, நீங்களே பேசலாம். ஒரு கெடு மட்டும் நினைவில் இருக்கட்டும். டிரஸ்டிகளின் முடிவைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்பதானால், முடிவு எடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்குப் போடாதீர்கள்.

எதிர் வீட்டு அக்காவிடம் இன்றைக்கே நேரில் போய், ஓட்டையை அடைக்கும் வரை மாலை விளக்கேற்றும் நேரத்தில் ஃபேனைப் போட மாட்டேன் என்று சொல்லுங்கள். நாளைக்கு ஒரு மேஸ்திரியை வைத்து ஓட்டையைச் சிமெண்டால் அடைத்து, அடைத்ததைப் போட்டோ எடுத்து, டிரஸ்டிகளுக்கு எழுதும் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள்.