வண்டிக்கடையில் மதியச் சாப்பாடு: நம்பிப் போகலாமா?

கேள்வி: தினமும் அலுவலகத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போக முடிவதில்லை. வாசலுக்கு வெளியே வரிசையாகத் தள்ளுவண்டிக் கடைகள், வாசனையும் இழுக்கிறது. ஆனால் வேலை நாளில் வயிறு கெட்டுவிடுமோ என்று பயம். எந்தக் கடையை நம்பிப் போவது?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் முதல் நாள் சாப்பிடப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். ஐந்து நிமிடம் ஓரமாக நின்று, காசு வாங்கிய கையே அப்படியே உணவையும் தொடுகிறதா, தட்டு அலசுகிற வாளியில் தண்ணீர் மாற்றுகிறார்களா என்று மட்டும் கவனியுங்கள்.

கூட்டம் இருந்தால் நல்ல கடை என்பார்கள், அது பாதிதான் உண்மை. கூட்டத்தால் நமக்குக் கிடைக்கும் நன்மை, சமைத்தது தேங்காமல் உடனுக்குடன் தீர்ந்துவிடுவது. காலையிலேயே மொத்தமாகச் சமைத்து இறக்கிவைத்து விற்கிற இடத்தில் எத்தனை பேர் நின்றாலும் அந்த நன்மை கிடையாது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கிருமிகள் வேகமாகப் பெருகும், சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அப்படியானால் 10 மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி 1 மணிக்கு என்ன நிலையில் இருக்கும்? சோறு என்றால் இன்னும் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து நச்சைச் சுரக்கும், அப்புறம் எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது.

நான் வழக்கமாகப் போகும் வண்டியில் ஒரு அம்மா நிற்பார். ஒவ்வொரு தடவை கரண்டி போட்டதும் உடனே சட்டியை மூடிவிடுவார், அடுத்த ஆளுக்குத் திறக்கும்போது மூடியின் உள்பக்கம் நீர் முத்து முத்தாக நிற்கும், ஆவி முகத்தில் அடிக்கும். அந்த ஆவியைப் பார்த்துத்தான் அங்கே சாப்பிட ஆரம்பித்தேன். கதவு போட்ட உணவகத்தில் ஆறிப்போய்க் கிடக்கிற தட்டைவிட, கண்ணெதிரே தீயிலிருந்து நேராக இலைக்கு வருவதைத்தான் நான் நம்புவேன்.

பச்சையாக நறுக்கிவைத்த காய், பழம் வேண்டாம். ஐஸும் வேண்டாம், உறைய வைத்தால் கிருமி செத்துவிடாது. தண்ணீர் உங்கள் பாட்டிலிலேயே இருக்கட்டும். இடைவேளை தொடங்கியதும் போய்விடுங்கள், கடைசியில் போனால் அடிச்சட்டிதான் மிஞ்சும். புதுக் கடை என்றால் முதல் தடவை கொஞ்சமாக வாங்குங்கள், அதுவும் மதியத்துக்கு மேல் முக்கியமான வேலை இல்லாத நாளாகப் பார்த்து.

கேள்வி: நன்றாகச் சூடாக்கித் தரச் சொன்னால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

பதில்: கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, "அண்ணே, இன்னும் கொஞ்சம் சூடா குடுங்க" என்று கேளுங்கள். நான் கேட்டு யாரும் முகம் சுளித்ததில்லை. ஒன்று, லேசாகச் சூடு காட்டினால் போதாது, நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். காலையிலிருந்து வெளியே கிடந்த சோறாக இருந்தால் சூடாக்கித் தரச் சொல்லாதீர்கள், அடுத்த வண்டியைப் பாருங்கள்.