பதில்: ஜேப்படிப் பயிற்சிக் காட்சி பார்ப்பவர்களுக்குப் புரியவில்லை

உங்கள் படத்தில் ஜேப்படிக் குரு, தொழில் பழக வந்த புதியவனின் பர்ஸை உருவும் இடமே யாருக்கும் தெரியவில்லை என்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இடிப்பது ஒரு ஷாட், எடுப்பது வேறொரு ஷாட். அங்கேதான் கோளாறு. வெட்டினாலே திருட்டை எடிட்டர் செய்ததாகிவிடும். இடிப்பு, உருவல், கைமாற்றம் மூன்றும் இடுப்பு உயரத்தில் ஒரே ஷாட்டில் வரட்டும். அதற்கு முன்பே பர்ஸ் எந்தப் பையில் இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.

பர்ஸ் அடர்சிவப்பாக இருக்கட்டும்; கறுப்பு பேண்டில் கறுப்பு பர்ஸ் கேமராவுக்குத் தெரியாது. பேண்ட் ஒரு அளவு பெரிதாக இருந்தால் பர்ஸ் பையில் மாட்டிக்கொள்ளாமல் வரும். நடிகர் தன் கையைப் பார்க்கவே கூடாது, பார்த்தால் எல்லாம் போச்சு. ஸ்லோமோஷனும் வேண்டாம், திறமை சோம்பலாகத் தெரியும்.

கதையிலும் ஒரு மாற்றம். கும்பலில் வழி மறிப்பவன், எடுப்பவன், வாங்கிக்கொண்டு நழுவுபவன் என்று வேலை பிரிந்திருக்கும். முதல் நாளே புதியவனை எடுக்கவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். மறிக்கப் பழகட்டும்: முன்னால் நடந்து சட்டென நிற்பது, அவ்வளவுதான். அரை நொடி முந்தினால் எடுப்பவன் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டான், பிந்தினால் ஆள் விலகிப் போய்விடுவான். உங்கள் பயிற்சிக் காட்சிக்கான பதற்றம் இங்கேயே கிடைத்துவிடும். மணி ஒலிக்காமல் உருவிப் பழக நீங்கள் வைத்திருக்கும் மணி கட்டிய கோட்டு ஸ்டாண்டை எடுத்துவிடுங்கள், அரதப்பழசு.